வார்த்தைக்கு வால் ஒட்டிய டீச்சருக்கு

பூதலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே புதிதாக ஒரு டீக்கடை வந்திருக்கிறது, டீச்சர். கை கழுவும் தொட்டிக்கு மேலே, சுவரில் நீல பெயின்ட்டால் ‘கீப் கிளீன்னெஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அதை வாசித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் எதையும் தானாகப் போய் வாசிப்பவள் இல்லை நான். அந்தச் சொல்லின் வால்தான் கண்ணில் பட்டது. ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பஸ் வந்து, ஏறி உட்கார்ந்து, வெண்ணாற்றுப் பாலம் தாண்டிய பிறகுதான் என்ன சரியில்லை என்பது பிடிபட்டது. நடுவில் ஒரு ‘லி’ இல்லை. கிளென்லினெஸ்.

நீங்களாக இருந்தால் சாலையைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். “நல்லா எழுதியிருக்கீங்க தம்பி, நடுவுல இன்னும் கொஞ்சம் இடம் பண்ணுங்க” என்று ஆரம்பித்திருப்பீர்கள். கடைக்காரரும் கோபித்துக்கொள்ளாமல் டீ போட்டுக் கொடுத்திருப்பார். நான் போகவில்லை. ஆனால் நானாகவே கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு உரமூட்டை இருந்தது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தவர்கள். நீங்கள் ஆங்கிலம், நான் தமிழ். பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதைப் போலவே நீங்களும் ‘தமிழம்மா’ என்றுதான் கூப்பிட்டீர்கள். நான் ‘டீச்சர்’ என்றேன். எத்தனை நெருங்கிய பிறகும் அந்த ‘வாங்க, போங்க’வை நாம் இரண்டு பேரும் விடவில்லை. நம் வகுப்பறைகள் அடுத்தடுத்து இருந்தன. நடுச்சுவர் கூரை வரை எட்டாது. நான் என் பிள்ளைகளுக்குச் செய்யுள் நடத்திக்கொண்டிருக்கும்போது அந்த இடைவெளி வழியாக உங்கள் வகுப்பு மொத்தமும் எங்கள் தலையில் வந்து விழும்.

“மூவ்” என்பீர்கள் நீங்கள். “மென்ட்” என்று கத்தும் வகுப்பு. “டார்க்” என்பீர்கள். “நெஸ்”. “அரைவ்”. “அல்”. வினையையும் பண்பையும் பெயராக்கும் அந்தப் பின்னொட்டுகளைப் பிள்ளைகள் வால் என்றார்கள். அதை நடத்தும் நாளுக்கு வால் பீரியட் என்று பெயர். பாட்டைப்போல ராகம் போட்டுச் சொல்லவைப்பீர்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் இந்தப் பக்கமிருந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்கள். நான் முறைப்பேன்.

ஒரு பையன் கட்டுரையில் ‘மை மதர் இஸ் எ குட் குக்கர்’ என்று எழுதியதை ஓய்வறையில் படித்துக் காட்டினீர்கள். “அவன் மேல என்ன தப்பு சொல்லுங்க? டீச் பண்றவ டீச்சர், சிங் பண்றவ சிங்கர், அப்ப குக் பண்றவ குக்கர்தானே?” என்று அவனுக்காகவே வாதாடினீர்கள். வகுப்பில் இன்னொருத்தி எழுந்து, “ஃப்ரெண்ட்ஷிப்ல கப்பல் எங்க டீச்சர் இருக்கு?” என்று கேட்டபோது சிரித்துவிட்டு, “அது கப்பல் இல்லம்மா. ஒருத்தருக்கு ஒருத்தர் என்னவா இருக்காங்களோ, அந்த நிலைமைக்குப் பேரு” என்றீர்கள். அது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

‘புவர்’ என்பதற்கு ‘புவர்னெஸ்’ என்று ஏன் சொல்வதில்லை என்று பஸ்ஸில் ஒருநாள் நானே கேட்டேன். நீங்கள் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டே, “பாவர்ட்டின்னு ஒண்ணை யாரோ முன்னாடியே தச்சுக் குடுத்துட்டாங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு சட்டை எதுக்கு?” என்றீர்கள்.

“எங்ககிட்ட அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது” என்றேன் நான். தமிழுக்காகப் பேசவேண்டிய பொறுப்பு எனக்கு எப்போதும் உண்டு.

“அப்படியா? வாழ்-ங்கறதுக்கு என்ன பேரு? வாழ்வா, வாழ்க்கையா? உங்க ஊருல ஒரே ஆளுக்கு ரெண்டு சட்டை இருக்கே தமிழம்மா. படிக்குப் படிப்பு, நடிக்கு நடிப்பு. குடிக்கு மட்டும் குடிப்பு ஏன் இல்ல?”

“அதுக்கு வால் வேண்டாம். குடியே போதும்.”

முன் இருக்கையிலிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். நாம் இறங்கும் வரை சிரித்துக்கொண்டிருந்தோம். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தினமும் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் சம்பா நடவு முடிந்து வயல்கள் பச்சை பிடித்திருந்த நேரம். காலையில் நீங்கள் பஸ்ஸுக்கு வரவில்லை. தோசையைத் திருப்பப் போன கரண்டி கையிலிருந்து விழுந்து, அதை எடுக்கக் குனிந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை என்று மத்தியானம் தெரிந்தது. அண்ணன் தாமதிக்காமல் கார் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருந்தார். உங்கள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகியவள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பதறாத மனிதர். அன்று அவர் தாமதித்திருந்தால் நீங்கள் பிழைத்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார்.

பிழைத்தீர்கள். வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. பேச்சு போய்விட்டது. நான் வந்து கட்டிலருகே நின்றபோது என்னை அடையாளம் தெரிந்தது உங்களுக்கு. வாயைத் திறந்தீர்கள். “இது... இது...” என்றீர்கள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கண்ணில் நீங்கள் முழுசாக இருந்தீர்கள். அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் எல்லாமே ‘இது’தான். தம்ளரைக் காட்டி ‘இது’, ஜன்னலைக் காட்டி ‘இது’. அண்ணன் பக்கத்திலேயே இருந்தார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள், “தண்ணியா? ஃபேனா? பாத்ரூம் போகணுமா?” என்று வரிசையாகக் கேட்பார். ஏதாவது ஒன்று சரியாக இருக்கும், நீங்கள் தலையாட்டுவீர்கள். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். உங்களைப் பார்ப்பார், அவராகவே எழுந்து போய் எடுத்துக்கொண்டு வருவார். வந்தவர்கள் உங்களிடம் கேட்ட கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். எல்லாம் அன்பில்தான். ஆனால் உங்கள் வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உங்கள் தெருவில் இறங்கிக்கொள்வது எனக்கு வழக்கமாயிற்று. வந்து உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதை சொல்வேன். கதை தீர்ந்துவிட்ட ஒருநாள், மேசைமேல் இருந்த உங்கள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். சும்மா இருக்க முடியாமல், சுவருக்கு மேலாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய ராகத்தில், “டார்க்” என்றேன்.

“நெஸ்” என்றீர்கள்.

அண்ணன் சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்றார். “மூவ்” என்றேன்.

“மென்ட்.”

“கைண்ட்.”

“நெஸ்.”

“டிசைட்.” இதற்கு நேரமாயிற்று. உங்கள் உதடு ஒன்றைத் தேடி எடுத்தது, பிறகு வேறொன்றை எடுத்தது. “டிசைட்... மென்ட்.”

“டிசிஷன், டிசிஷன்” என்றார் அண்ணன், சந்தோஷம் தாங்காமல். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அன்று அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

வாரம் ஒருமுறை தஞ்சாவூரிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த அந்தச் சின்னப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமில்லை. “வருஷக் கணக்கா பாட்டு மாதிரிச் சொன்னதில்ல, அது கொஞ்சம் பத்திரமா இருக்கும். அந்த வழியாவே போங்க மேடம். நீங்க ஆரம்பிங்க, அவங்க முடிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் நீங்க முடிக்காதீங்க” என்றாள்.

“தப்பா முடிச்சா?” என்று கேட்டார் அண்ணன்.

“தப்பா இருந்தாலும் அது அவங்க சொன்னது சார்.”

அதற்கப்புறம் நான் ஆங்கிலம் படித்தேன், டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கேட்டுப் படித்தேன். அவர்களுக்கு ஒரே குஷி. தமிழம்மா இடைவேளையில் வந்து, “இம்ப்ரூவ்-க்கு என்ன வால்? எஜுகேட்-க்கு என்ன?” என்று கேட்டால் யாருக்குத்தான் இருக்காது? ஆங்கிலத்தில் எனக்கு இன்றைக்கும் தெரிந்ததெல்லாம் வால்கள்தான். ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்லத் தெரியாது. ஆனால் எந்தச் சொல்லுக்கு ‘ட்டி’ வரும், எதற்கு ‘ன்ஸ்’ வரும் என்று கேட்டால் சொல்வேன்.

முதலில் அவை வெறும் சத்தமாகத்தான் வந்தன. நான் பாதி சொன்னால் நீங்கள் பாதி சொல்வீர்கள், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வந்தபோது அண்ணன் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் என் புடவையைப் பிடித்து இழுத்தீர்கள். வெகுநேரம் முயன்று, “ஹங்... ஹங்க்ரினெஸ்” என்றீர்கள்.

பாட்டு இல்லை. நான் எதையும் ஆரம்பித்துக் கொடுக்கவும் இல்லை. பசிக்கிறது என்று நீங்களாகவே சொன்னீர்கள். நான் எழுந்து ஓடினேன். “அண்ணே, டீச்சருக்குப் பசிக்குதாம்” என்றேன். அவர், “நீங்களாச் சொல்றீங்களா?” என்று கேட்டார். “இல்லண்ணே. அவங்களே சொன்னாங்க.” அவர் சோறு பிசைந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். ஊட்டிவிட்டுக்கொண்டே, “ஹங்க்ரினெஸ், ஹங்க்ரினெஸ்” என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் சரியா தப்பா என்று அன்று அவர் கேட்கவில்லை.

அப்புறம் வீட்டில் புதுப்புதுச் சொற்களாகப் பிறந்தன. தூக்கம் ‘ஸ்லீப்மென்ட்’. நடைப் பயிற்சி ‘வாக்கேஷன்’. கசக்கும் மாத்திரை வேண்டாம் என்பது ‘பிட்டர்ட்டி’. அகராதியில் எதுவும் இருக்காது. ஆனால் ஒவ்வொன்றிலும் வால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வால் இருந்தது, பொருளும் எங்களுக்கு விளங்கியது. நான் ஆசைப்பட்டு என் வால்களையும் உங்களிடம் கொடுத்துப் பார்த்தேன். “மகிழ்” என்றேன். நீங்கள் யோசித்து, “மகிழ்னெஸ்” என்றீர்கள். நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அண்ணன் பால் பாத்திரத்தை அடுப்பில் மறந்தார். சிரிப்பு ஓய்ந்த பிறகு நீங்களே மெதுவாக, “ச்சி... மகிழ்ச்சி” என்றீர்கள். உங்களுக்குத் திரும்பி வந்த முதல் தமிழ்ச் சொல் அதுதான் என்று நான் இதுவரை யாரிடமும் பெருமையடித்ததில்லை. இப்போது உங்களிடம் அடித்துக்கொள்கிறேன்.

கோடை விடுமுறை முடியும் நேரத்தில் ஓரளவு பேசினீர்கள். சிறு சிறு வாக்கியம், நடுவில் நீண்ட இடைவெளி. குச்சியை ஊன்றித் தெருக்கோடி வரை நடந்தீர்கள். மருத்துவ விடுப்பு முடியப்போகிறது, என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. டாக்டர், போகலாம், அவங்க இஷ்டம் என்றார். தலைமையாசிரியை, வரட்டும், பார்க்கலாம் என்றார். அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். உங்களை வைத்துக்கொண்டே என்னிடம் அதைப் பேசினார்.

“அத்தனை புள்ளைங்க முன்னாடி நின்னு, ஒரு வார்த்தைய தப்பாச் சொல்லிட்டு முழிப்பா. அதுங்க சிரிக்கும். அவ எப்படி இருந்தவன்னு உங்களுக்குத் தெரியும். அத நான் பாக்கணுமா?”

“நீங்க பாக்க வேண்டாம்ணே. அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு...”

“அவ நினைக்கிறது எனக்குத் தெரியாதா?”

நீங்கள் குச்சியால் தரையைத் தட்டினீர்கள். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். உங்கள் முகம் சிவந்திருந்தது. உதடு ஒன்றை எடுத்தது, விட்டது, மறுபடி எடுத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று. அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. தெருவில் ஒரு டிராக்டர் வந்து, நின்று, திரும்பிப் போயிற்று.

“என்... டிசைட்மென்ட்” என்றீர்கள்.

அண்ணனுக்குச் சரியான சொல் தெரியும். முன்பு உங்களைச் சுவர்ப்பக்கம் திரும்பவைத்த அதே சொல். அவர் அதைச் சொல்லவில்லை. “சரி. எந்த பஸ்ல போவ?” என்று கேட்டார்.

முதல் நாள் உங்கள் வகுப்பு தொடங்கியபோது நான் என் வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவ்வளவு அமைதியாக நான் கேட்டதேயில்லை. சாக்பீஸ் கீறுவது கேட்டது. இடது கையால் எழுதப் பழகியிருந்தீர்கள். பிறகு உங்கள் குரல். “அரைவ்...” நிறுத்தம். “அரைவ்... மென்ட்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கழித்து ஒரு பெண்ணின் குரல், பயந்துகொண்டே, “அரைவல், டீச்சர்” என்றது.

“ஆ... ஆமா. அரைவல். எழுது” என்றீர்கள்.

அதிலிருந்து அதுவே உங்கள் வகுப்பின் முறையாகிவிட்டது. முன்பு நீங்கள் ஆரம்பிக்க அவர்கள் கத்துவார்கள். இப்போது நீங்கள் சொல்வது சரியா தப்பா என்று அவர்கள் ஒவ்வொரு முறையும் யோசிக்கவேண்டியிருந்தது. சில நேரம் நீங்கள் சரியாகச் சொன்னதையும் தப்பென்று சண்டை போட்டார்கள். அகராதியை எடுத்துக்கொண்டு வந்து நிரூபித்தீர்கள்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் நீங்களே ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன் உங்களைப்போலக் காலை இழுத்து நடந்து காட்டி, ‘டிசைட்மென்ட்’ என்று சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சொல் எப்படியோ பள்ளிக்கூடம் வரை வந்திருந்தது. நான் அவனை நோக்கிப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தி, “விடுங்க. நல்லா... பண்றான்” என்றீர்கள். ஒரு மாணவியின் அப்பா தலைமையாசிரியையிடம் வந்து, பத்தாம் வகுப்புக்கு வேறு ஆள் போடுங்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, பரீட்சைக்குப் போகிற பிள்ளையை வைத்திருப்பவர். பத்தாம் வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று. ஒன்பதாம் வகுப்பு மட்டும் உங்களிடம் இருந்தது. அன்று பஸ்ஸில் பாலம் வரும் வரை நீங்கள் பேசவில்லை. பாலத்தில், “தண்ணி... வந்துருச்சு” என்றீர்கள். வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் முழுவதும் வந்தீர்கள். ஆண்டுப் பரீட்சையில் உங்கள் வகுப்பு வழக்கம்போலவே எழுதியது. நன்றாகப் படிப்பவர்கள் நன்றாக எழுதினார்கள், மற்றவர்கள் தப்பித்தார்கள். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசி நாள் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டே, “போதும், தமிழம்மா” என்றீர்கள். யாரும் சொல்லாமல், நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னீர்கள். வருத்தமா என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, “இல்ல. டயர்டு” என்றீர்கள். அதற்கு வால் ஒன்றும் ஒட்டவில்லை.

அடுத்த தை மாதம் அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையில் அறுவடை இயந்திரம் ஒன்று குறுக்கே நின்றதால் பஸ் நகராமல் இருந்தது. அப்போதுதான் அண்ணன் போன் செய்தார். “தமிழம்மா... அவ...” என்றார். அதற்குமேல் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல்லை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயலில் வைக்கோல் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கிப் போய்ச் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு அண்ணன் சொன்னார், “போய்ட்டா.” “வந்துட்டே இருக்கேண்ணே” என்றேன்.

இப்போது அவரே சமைத்துக்கொள்கிறார். சென்னைக்கு மகளிடம் போகச் சொன்னால், பார்க்கலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனால் காபி கொடுப்பார். உங்களைப்பற்றி ஏதாவது சொல்லத் தொடங்கி நடுவில் நின்றுவிடுவார். நான் காபியைக் குடித்துக்கொண்டிருப்பேன். சில நாள் மீதியைச் சொல்வார், சில நாள் சொல்ல மாட்டார்.

உங்கள் வகுப்பறைக்கு இந்த ஆண்டு ஒரு புது சார் வந்திருக்கிறார். சுறுசுறுப்பானவர், நல்ல குரல். போன வாரம் நான் என் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். முன்பெல்லாம் கேட்ட உடனே யாராவது சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நானே சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இப்போது அப்படிச் செய்ய வருவதில்லை. பாடம் கொஞ்சம் பின்தங்குகிறது, தலைமையாசிரியை கேட்கத்தான் செய்கிறார். சத்தமே இல்லாததைக் கவனித்த புது சார் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, உங்க க்ளாஸ்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு?”

“இருக்காங்க சார். யோசிச்சுட்டிருக்காங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் உள்ளே திரும்பினேன். கடைசி பெஞ்சில், இந்த ஆண்டு ஒருமுறைகூட வாய் திறக்காத ஒருத்தி, கையைப் பாதி தூக்கி வைத்திருந்தாள்.